ஆறு பாட்டில், ஒரே கீறல்

ஆறு பாட்டிலிலும் கீறல் ஒரே இடத்தில் விழுந்திருந்தது. ஜூலியட் அவற்றைக் கடையின் கண்ணாடி மேசைமேல் வரிசையாக நிறுத்தி, குனிந்து, ஸ்கேல் வைத்துப் பார்த்தாள். அடியிலிருந்து பதிமூன்றரை சென்டிமீட்டர். ஆறிலும் அதே அளவு. தலைமுடி போல மெல்லிய கோடுகள் மூன்று நான்கு சேர்ந்து பாட்டிலைப் பாதி சுற்றி ஓடியிருந்தன. சரியாக, பாட்டிலில் அச்சடித்திருந்த மாதாவின் மூக்கின் மேல்.

"பாத்தியா," என்றார் எதிரில் நின்ற ஆரோக்கியஜோசப். மின்துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வருடா வருடம் கொடியேற்றத்தன்று காரைக்காலிலிருந்து வேளாங்கண்ணிக்குப் போகும் சைக்கிள் யாத்திரைக் குழுவுக்கு அவர்தான் தலைவர். "ஒரே ஒரு நாள் ஓட்டிப் பாத்ததுக்கு இந்தக் கதி. திருப்பட்டினம் வரைக்கும் போயிட்டு வந்தோம், அவ்வளவுதான்."

"யாராவது கீழ போட்டுட்டாங்களாண்ணே?"

"ஆறு பேரும் ஒரே மாதிரி மூக்குலயா போடுவாங்க?"

பாட்டில் யோசனை ஜூலியட்டுடையது. போன வருடம் வழியெல்லாம் தண்ணீர் பாக்கெட்டைக் கடித்துத் துப்பிக்கொண்டே போனார்கள். வாஞ்சூர் தாண்டியதும் பின்னால் திரும்பிப் பார்த்தவளுக்குக் கூசிவிட்டது. இந்த வருடம் ஆளுக்கு ஒரு அலுமினிய பாட்டில், வெள்ளைப் பூச்சின்மேல் மாதா படம், கீழே பேர், சைக்கிளில் மாட்ட ஒரு ஸ்டாண்டு என்று கூட்டத்தில் எழுந்து சொன்னாள். படத்தைத் தன் கடையிலேயே அச்சடித்துத் தருவதாகவும் சொன்னாள். முப்பத்திரண்டு பேர். ஆறு பேருக்கு மட்டும் முதலில் கொடுத்து வெள்ளோட்டம் விட்டார்கள்.

"கீறல் விழுந்த மாதாவ வச்சுக்கிட்டு மாதாகிட்ட எப்பிடிப் போறது?" என்றார் ஜோசப். "இருபத்தஞ்சாந் தேதி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள சரியாவலன்னா பாட்டிலே வேணாம், பழையபடி பாக்கெட்டே வாங்கிருவோம். நான் உன்னக் குத்தம் சொல்லல. ஆனா நீதான எந்திரிச்சுப் பேசின."

பன்னிரண்டு நாள் இருந்தது.

ஜூலியட்டுக்கு வயது நாற்பத்து நான்கு. நீதிமன்றத்துக்கு எதிர்ச் சாரியில் ஜெராக்ஸ் கடை. அதற்கு முன் பத்து வருடம் ஒரு பத்திர எழுத்தரிடம் டைப்பிஸ்டாக இருந்தாள். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் 'எத்தா சிவில்' என்று பிரெஞ்சில் சொல்லிக்கொண்டு பிறப்பு, இறப்புச் சான்றுகளுக்கு வருவார்கள். ஒரே ஆளின் பேர் நான்கு காகிதத்தில் நான்கு விதமாக இருக்கும். எது முதலில் தப்பானது, அங்கிருந்து எது எதற்குத் தாவியது என்று பின்னோக்கிப் போய்க் கண்டுபிடிப்பாள். அதற்காக யாரும் அவளை அங்கே வைத்திருக்கவில்லை, அடிப்பது மட்டும்தான் வேலை. ஆனால் கண்டுபிடிக்காமல் அவளால் அடிக்க முடியாது.

சொந்தக் கடை வைத்த பிறகும் அது போகவில்லை. ஐப்பசி மாதத்தில் மெஷினில் காகிதம் ஏன் ஒட்டிக்கொள்கிறது, கடற்கரைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்த லேமினேஷன் மட்டும் ஏன் ஓரத்தில் பிரிகிறது என்று வீணான காகிதங்களின் பின்பக்கத்தில் எழுதி வைப்பாள். அவள் கணவன் நெல்சன் ஐஸ் ஃபேக்டரியில் மெக்கானிக். "எங்க மெஷினாவது கெட்டுப்போனா நிக்கும். இவகிட்ட நல்லா ஓடுற மெஷினுக்கே நிம்மதி இல்ல" என்பான்.

அன்று மதியம் கடையைச் சாத்திவிட்டு ஆறு பாட்டிலையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு திருப்பட்டினத்துக்கு சைக்கிளை மிதித்தாள். ஸ்டாண்டுகளை விற்றவள் சுஹைனா. அங்கே கடைத்தெருவில் தன் வாப்பாவின் சைக்கிள் கடையை ஐந்து வருடமாக அவள்தான் நடத்துகிறாள்.

"நான் வித்த ஸ்டாண்டு மாதா முகத்தக் கீறிடுச்சின்னு ஊரெல்லாம் சொல்லிராதீங்கக்கா," என்றாள் சுஹைனா, பாட்டிலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபடி. "கலவரமாயிரும்."

"சும்மா இரு. எது கீறுதுன்னு சொல்லு."

சுஹைனா ஸ்டாண்டைக் காட்டினாள். அலுமினியக் கம்பியை வளைத்துச் செய்தது. கீழே ஒரு தாங்கல், இரண்டு பக்கமும் கம்பி, முன்னால் உள்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறிய நாக்கு. "இது பிளாஸ்டிக் பாட்டிலுக்குன்னு வச்சதுக்கா. அதுல இந்த உயரத்துல ஒரு பள்ளம் இருக்கும், நாக்கு அதுல போயி உக்காந்துக்கும். உங்க பாட்டில்ல பள்ளம் இல்ல. வழவழன்னு இருக்கு. அதான் தேய்க்குது."

"சொருகும்போது தேச்சா கோடு மேலருந்து கீழதான விழணும்? இது குறுக்க ஓடுதே."

சுஹைனா மறுபடி பார்த்தாள். "ஆமா," என்றாள். "ரோட்டுல குலுங்குறதுல திரும்புதோ என்னமோ."

நம்பும்படியாகத்தான் இருந்தது. அதை ஒரு காகிதத்தில் எழுதிக் கேள்விக்குறி போட்டுக்கொண்டாள்.

கடையில் இருந்த ஸ்டாண்டு வகைகளில் ஒவ்வொன்றாக நான்கு எடுத்தாள். பழைய அலுமினியம், கறுப்பு பிளாஸ்டிக், பக்கவாட்டில் சொருகும் பிளாஸ்டிக், கம்பிக்கு ரப்பர் உறை போட்டது. மறுநாள் காலை, பூச்சு சரியில்லையென்று ஒதுக்கி வைத்திருந்த நான்கு பாட்டில்களில் படத்துக்குப் பதிலாகக் கணக்கு நோட்டு போலக் கட்டங்களை அச்சடித்தாள். பக்கவாட்டில் ஒன்று முதல் பதினைந்து வரை, மேலே அ, ஆ, இ, ஈ. எந்த இடத்தில் கீறினாலும் ஏழு-இ, ஒன்பது-ஆ என்று குறித்துக்கொள்ளலாம். நெல்சன் அதைப் பார்த்துவிட்டு, "இதுல செஸ் ஆடலாம் போலருக்கே" என்றான்.

நான்கு நாள் மாலையில் கடற்கரைச் சாலையில் ஓட்டினாள். வேண்டுமென்றே மணல் சேர்ந்திருக்கும் ஓரமாக ஓட்டினாள், பள்ளத்தைப் பார்த்தால் அதற்குள் இறக்கினாள். இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு தடவை நின்று பாட்டிலை உருவி, ஒரு வாய் குடித்து, திரும்பச் சொருகினாள். பழைய அலுமினியம் மேலிருந்து கீழாக இரண்டு கோடு போட்டது, கூடவே சாம்பல் நிறத்தில் ஒரு கறை. கறை ஈரத்துணிக்குப் போய்விட்டது, கோடு போகவில்லை. ரப்பர் உறை பாட்டிலை விடாமல் பிடித்துக்கொண்டது. உருவ இரண்டு கை வேண்டியிருந்தது, சைக்கிள் சாய்ந்தது. பக்கவாட்டில் சொருகும் பிளாஸ்டிக் நன்றாக இருந்தது, ஆனால் அகலக் கைகள் இரண்டும் படத்தை மூடிக்கொண்டன. சாதாரணக் கறுப்பு பிளாஸ்டிக்தான் ஒரு கீறலும் போடவில்லை. கட்டம் போட்ட நான்கு பாட்டிலிலும் குறுக்குக் கோடு என்று ஒன்றுகூட இல்லை.

அதுதான் அவளை உறுத்தியது. குலுங்கலில் பாட்டில் திரும்பியிருந்தால் இவற்றிலும் குறுக்காக விழுந்திருக்க வேண்டாமா? இவள் ஓட்டிய சாலை அவர்கள் ஓட்டியதைவிட மோசம். ஆனாலும் நாள் போய்க்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் என்று முடிவு செய்து, சோதனைக்காக ஒன்றை அற்புதத்துக்குக் கொடுத்து அனுப்பினாள், கூடவே புதிதாக மாதா படம் அச்சடித்த ஒரு பாட்டிலையும். அற்புதம் வெள்ளோட்டம் போன ஆறு பேரில் ஒருத்தி. வரிச்சிக்குடியில் வீடு, பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை, தினமும் போகவர சைக்கிள்தான்.

மூன்றாம் நாள் அற்புதம் போன் பண்ணினாள்.

"ஜூலியட்டு, கோவிச்சுக்காத. முன்னயவிட மோசமா இருக்கு."

இருபதாம் தேதி ஆகிவிட்டிருந்தது. ஜூலியட் கடையைப் பாதியில் மூடிவிட்டு வரிச்சிக்குடிக்குப் போனாள். அற்புதம் வேலை முடிந்து அப்போதுதான் வந்து, சைக்கிளை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தாள். பாட்டில் ஸ்டாண்டில் இருந்தது. ஜூலியட் உருவிப் பார்த்தாள். அதே உயரம். இந்தத் தடவை கோடுகள் மூன்று நான்கல்ல, ஒரு பட்டையே இருந்தது. சொரசொரவென்று, ஈயப் பாத்திரத்தை மண் போட்டு விளக்கியது மாதிரி. பிளாஸ்டிக் நாக்கின்மேல் விரலை வைத்துத் தடவினாள். மணல் துகள்கள் உள்ளே அழுந்தி உட்கார்ந்திருந்தன. மணல் புரிந்தது. குறுக்குக் கோடு புரியவில்லை.

"எங்கல்லாம் போனீங்கக்கா?"

"எங்க போவேன், ஸ்கூலுக்குப் போனேன், கடத்தெருவுக்குப் போனேன். ஒரு நாள் கோயிலுக்கு." அற்புதம் பேசிக்கொண்டே பாட்டிலை வாங்கி, மூடியைத் திறந்து, அண்ணாந்து குடித்தாள். மூடினாள். ஸ்டாண்டில் சொருகினாள். சொருகிவிட்டு, உள்ளங்கையைப் பாட்டிலின் தலைமேல் வைத்து, அரைச் சுற்று திருப்பினாள்.

ஜூலியட் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இன்னொரு வாட்டி தண்ணி குடிங்க."

"இப்பத்தான குடிச்சேன்."

"சும்மா குடிங்களேன்."

அற்புதம் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் குடித்தாள். சொருகினாள். திருப்பினாள்.

"இன்னொரு வாட்டி."

"என்னாடி இது, வயித்துல எடம் வேணாமா?"

"குடிக்க வேணாம், குடிக்கிற மாதிரி எடுத்துட்டு வைங்க."

மூன்றாவது தடவையும் கை தானாகத் திருப்பியது. மாதாவின் முகம் முன்சக்கரத்தைப் பார்த்து வந்து நின்றது.

"ஏங்க்கா திருப்புறீங்க?"

"திருப்பாம?" அற்புதத்துக்குக் கேள்வியே விளங்கவில்லை. "மொகம் உள்பக்கம் போயிட்டா என் முட்டியப் பாத்துக்கிட்டு வரும். மாதாவுக்கு என் முட்டிய காட்டிக்கிட்டே வேளாங்கண்ணி வரைக்கும் போவச் சொல்றியா?"

ஜூலியட் வேப்பமரத்தடியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். கட்டம் போட்ட பாட்டிலை யார் திருப்புவார்கள்? ஏழு-இ எந்தப் பக்கம் பார்த்தால் யாருக்கு என்ன? நான்கு நாள் மணலிலும் பள்ளத்திலும் மிதித்து, கீறுகிற ஒரே காரியத்தை மட்டும் அவள் செய்யாமல் விட்டிருந்தாள்.

சாயங்காலம் மற்ற ஐந்து பேருக்கும் போன் போட்டாள். தண்ணீர் குடித்தபின் பாட்டிலை எப்படி வைப்பீர்கள் என்று மட்டும் கேட்டாள். நான்கு பேர் மாதா முகம் முன்னால் பார்க்க வைப்போம் என்றார்கள். ஒருவர் சாலையோரம் பார்க்க வைப்பாராம், எதிரே வருகிறவர்கள் கும்பிட வசதியாக. ஐந்து பேரும் இதையெல்லாம் ஏன் கேட்கிறாய் என்றார்கள்.

ஜோசப் கடைக்கு வந்தபோது விஷயத்தைச் சொன்னாள். "அப்ப திருப்ப வேணாம்னு சொல்லிட்டா முடிஞ்சுது" என்று அவளே ஆரம்பித்தாள்.

"சொல்லு," என்றார் ஜோசப். "முப்பத்திரெண்டு பேருகிட்டயும், மாதா மொகம் எந்தப் பக்கம் இருந்தாலும் பரவால்ல, கண்டுக்காதீங்கன்னு நீயே சொல்லு. நான் கொஞ்சம் தள்ளி நின்னுக்கறேன்."

அவள் சொல்லவில்லை.

மறுநாள் மறுபடி சுஹைனாவின் கடை. இப்போது தேடுவது என்னவென்று தெரிந்திருந்தது. திருப்பினாலும் முகத்தில் எதுவும் படக்கூடாது. முகத்தை எதுவும் மறைக்கவும் கூடாது. முதலில் பழைய அலுமினிய ஸ்டாண்டின் நாக்கை ஆக்ஸா பிளேடால் அறுத்து, அரத்தால் ராவி வழவழப்பாக்கினார்கள். சுஹைனாவே அதை மாட்டிக்கொண்டு கடைத்தெருக் கோடிவரை போய்வந்தாள். திரும்பி வரும்போது பாட்டில் ஸ்டாண்டில் இல்லை, கையில் இருந்தது.

"வேகத்தடைல எகிறிடுச்சிக்கா. ஒரு ஆட்டோக்காரரு எடுத்துக் குடுத்தாரு. யாரோட மாதான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"எங்கக்காவோடதுன்னேன்."

இருவரும் நாக்கில்லாத ஸ்டாண்டை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஜூலியட் பாட்டிலைக் கையில் எடுத்துச் சுற்றினாள். படம் அச்சடிக்கும்போது சூட்டு மெஷின் பாட்டிலின் வளைவான தோள்பக்கம் வரை எட்டாது. அதனால் மாதாவின் கிரீடத்துக்கு மேலே இரண்டு விரல் அகலத்துக்கு வெறும் வெள்ளை. இத்தனை நாளும் அந்த வெள்ளையை ஒரு குறையாகத்தான் நினைத்திருந்தாள்.

"இங்க பிடிக்கிற மாதிரி ஏதாவது இருக்கா?" என்று விரலால் தொட்டுக் காட்டினாள். "இங்கயும், அடியிலயும். நடுவுல ஒன்னுமே வேணாம்."

சுஹைனா யோசித்தாள். ஸ்டூலைப் போட்டு ஏறி, பரண்மேல் இருந்த ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினாள். உள்ளே எண்ணெய்த் தாளில் சுற்றிய எஃகுக் கம்பி ஸ்டாண்டுகள். கீழே ஒரு சின்னத் தட்டு, பின்னால் ஒற்றைத் தண்டு, மேலே ஒரு வளையம். வளையத்தின் ஒரு பக்கம் திறந்து, சுருள்கம்பி மாதிரி லேசாக விரிந்து கொடுத்தது. "உயரமான பாட்டிலுக்குன்னு வந்ததுக்கா. யாரும் கேக்கறதில்ல. பிளாஸ்டிக்தான் கீறாதுன்னு அதத்தான் கேட்டு வாங்கறாங்க."

ஜூலியட்டும் போன வாரம் அதைத்தான் நம்பியிருந்தாள். பாட்டிலைச் சொருகினாள். வளையம் 'டக்' என்று வெள்ளைப் பட்டையில் உட்கார்ந்தது. மாதாவின் முகத்துக்கு முன்னால் ஒன்றுமில்லை, காற்றுதான். திருப்பினாள். சுலபமாகச் சுற்றியது.

"எத்தன வாட்டி திருப்புவாங்க?" என்றாள் சுஹைனா.

"முப்பத்தஞ்சு கிலோமீட்டர். ரெண்டு கிலோமீட்டருக்கு ஒரு வாய் வச்சா பதினெட்டு. சில பேரு சும்மாவே திருப்புவாங்க. நூறு வச்சுக்க."

"இருநூறா வச்சுக்குவோம். திரும்பி வரணும்ல."

ஒரு கைப்பிடி கடல்மணலை வளையத்தின்மேல் தூவிவிட்டு, ஆளுக்கு நூறு என்று மாறி மாறித் திருப்பினார்கள். எழுபதாவது தடவையில் டியூப் பஞ்சர் என்று ஒருவர் வந்தார். "ஒரு நிமிஷம், எண்ணிக்கை போயிரும்" என்றாள் சுஹைனா. அவர் நின்று பார்த்தார். தொண்ணூறுக்குமேல் அவரும் சேர்ந்து எண்ணினார். முடிந்ததும் ஜூலியட் பாட்டிலைத் துடைத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். தோள்பக்கத்து வெள்ளையில் ஒரு சாம்பல் வளையமும் சில மெல்லிய கோடுகளும். பெட்டிக்கடையிலிருந்து பல்பொடி வாங்கித் தேய்த்ததும் சாம்பல் போயிற்று, கோடுகள் இருந்தன. அதற்குக் கீழே கிரீடம், நெற்றி, மூக்கு, வாய் எல்லாம் அச்சடித்த அன்று இருந்தது போலவே. கம்பியில் மணல் தங்கவும் இல்லை, தட்டினால் கொட்டிவிட்டது.

பெட்டியில் ஒன்பதுதான் இருந்தது. மீதியை சுஹைனா தஞ்சாவூர் மொத்தக் கடைக்குப் போன் போட்டு பஸ்ஸில் பார்சலாக வரவழைத்தாள். இருபத்து நான்காம் தேதி மாலை வந்தது. இருபத்தைந்தாம் தேதி காலை ஜோசப் தன் சைக்கிளை ஜூலியட்டின் கடை வாசலில் நிறுத்தினார்.

"கம்பியா?" என்றார். "பிளாஸ்டிக்கே கீறிச்சி. கம்பிய வச்சா தோலையே உரிச்சிராது?"

"தண்ணி குடிங்கண்ணே."

குடித்தார். சொருகினார். திருப்பினார். முகம் முன்னால் வந்து நின்றதும் குனிந்து, மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு, வளையத்துக்கும் கிரீடத்துக்கும் நடுவில் இருந்த வெள்ளையைப் பார்த்தார். மறுபடி திருப்பினார். இந்தத் தடவை வேண்டுமென்றே.

"எது கீறும் எது கீறாதுன்னே பாத்துக்கிட்டிருந்தேண்ணே. எங்க தொடுதுன்னு பாக்கல," என்றாள் ஜூலியட்.

"மாட்டு எல்லாத்துக்கும்," என்றார் ஜோசப்.

இருபத்தொன்பதாம் தேதி காலைப் பூசை முடிந்து, சாமியார் கோயில் வாசலில் நின்ற முப்பத்திரண்டு சைக்கிள்களுக்கும் பாட்டில்களுக்கும் தீர்த்தம் தெளித்தார். அரசலாற்றுப் பாலம் தாண்டி, திருப்பட்டினம் தாண்டி, வாஞ்சூர், நாகூர், நாகப்பட்டினம் என்று கூட்டம் கூட்டமாக நடக்கிறவர்களுக்கு நடுவில் மணி அடித்துக்கொண்டே போனார்கள். சாலையோரம் தண்ணீர்ப் பந்தல்களில் நிறுத்தி நிறுத்தி நிரப்பினார்கள். ஜூலியட் கடைசியில் வந்தாள். முன்னால் போகிறவர்களின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். எடுக்கும், குடிக்கும், சொருகும், திருப்பும்.

வேளாங்கண்ணியில் சைக்கிள்களைச் சவுக்கு மரங்களுக்கு அடியில் நிறுத்திவிட்டு எல்லோரும் கோயிலுக்கு ஓடினார்கள். ஜூலியட் ஓடவில்லை. ஒவ்வொரு சைக்கிளாகக் குனிந்து, பாட்டிலை உருவி, முந்தானையால் துடைத்து, முகத்தில் கட்டைவிரலை வைத்துத் தடவிப் பார்த்தாள்.

"எல்லாரும் மாதாவ கும்புடப் போறாங்க, இவ பாட்டில கும்புட்டுக்கிட்டு நிக்கிறா," என்றாள் அற்புதம்.

"இருங்கக்கா, இன்னும் பதினொன்னு இருக்கு."

முப்பத்தொன்று சுத்தமாக இருந்தன. ஒன்றில் மட்டும் கன்னத்திலிருந்து கழுத்துவரை சொரசொரப்பு. அது அடைக்கலராஜின் சைக்கிள். நெடுங்காட்டில் தையல்கடை வைத்திருப்பவர், ஐம்பது வயது, அதிகம் பேசாத ஆள். கோயிலிலிருந்து மெழுகுவர்த்தியோடு திரும்பி வந்தவரிடம் ஜூலியட் பாட்டிலைக் காட்டினாள். அவர் முகம் விழுந்துவிட்டது.

"இரும்பு மாதா மேல படுமோன்னு வளையத்துல கைக்குட்டய சுத்தி வச்சேம்மா," என்றார். "அது அவுந்து கீழ எறங்கிருச்சி. நாகூர்ல பாத்து மறுபடி சுத்தினேன்."

ஜோசப் தலையில் கை வைத்தார். "ஏன்யா, முப்பத்தோரு பேரு சும்மா இருக்கறச்ச உனக்கு மட்டும்..."

"விடுங்கண்ணே," என்றாள் ஜூலியட். அடைக்கலராஜிடம் திரும்பினாள். "பாட்டில ஊருக்குப் போனதும் கொண்டாங்க, புதுசு போட்டுத் தர்றேன்."

அவர் பாட்டிலை நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "தீர்த்தம் பட்டது. இது என்கிட்டயே இருக்கட்டும். கீறினது நான்தான்."

"சரி, இருக்கட்டும். அந்தக் கைக்குட்ட எங்க?"

அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஜூலியட் அதை ஒரு சைக்கிள் சீட்டின்மேல் விரித்து, போனின் கேமராவைப் பெரிதாக்கி மடிப்புக்குள் பார்த்தாள். மணல் இருந்தது, நிறைய. ஆனால் எல்லாம் மணல் இல்லை. வெள்ளையாக, சதுரம் சதுரமாக, பளபளவென்று வேறு ஏதோ இருந்தது. ஒன்றை நகத்தில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உப்பு," என்றாள். "அண்ணே, நாகூர்ல எங்க நின்னு சுத்தினீங்க? எந்த எடம்?"